இங்கிலீஷ் மீடியம் குதிரை

குதிரை உதைப்பதற்கு முன்னால் காதைப் பின்பக்கம் மடக்கிக் காட்டும். பள்ளிக்கூட நிர்வாகம் அந்த மரியாதையைக்கூடச் செய்யாது. இரண்டு இடத்திலும் உதை வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். தனியார் பள்ளியில் வேலை பார்த்து, இந்தச் சனிக்கிழமையும் வேலைநாள்தான் என்பதை அந்தச் சனிக்கிழமை காலையில் தெரிந்துகொண்ட அன்பர்கள் யாராவது இருந்தால், இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

எனக்கு ஊர் குடிகாட்டுக்குத் தெற்கே. ஒன்றரைக் காணி நிலம், நெல் விவசாயம். மிச்ச நேரத்தில் குதிரை பழக்குவேன். கடலூரில் கல்யாணத்துக்குச் சாரட்டு வண்டி விடுகிறவர்கள், சிதம்பரம் பக்கம் ரேக்ளா ஓட்டுகிறவர்கள் எல்லாம் கடிக்கிற குதிரை, மிரள்கிற குதிரை, ஆளைத் தள்ளுகிற குதிரை என்று கொண்டுவந்து கட்டிவிட்டுப் போவார்கள். 2005இல் கடலூர் சிதம்பரம் சாலையில் இருந்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி, தன் விளம்பர நோட்டீசில் ‘குதிரையேற்றம் கற்றுத் தரப்படும்’ என்று அச்சடித்துவிட்டது. அச்சடித்த பிறகுதான் அதற்கு ஒரு குதிரை வேண்டும் என்று அவர்களுக்கு ஞாபகம் வந்தது. நான் என் சொந்தக் குதிரையோடு போய்ச் சேர்ந்தேன்.

போனது என் மகளுக்காக. தமிழரசி அப்போதுதான் மூன்றாவது முடித்திருந்தாள். என் குதிரையும் நானும் அங்கே இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஸ்டாஃப் கோட்டாவில் இலவசப் படிப்பு என்று பேச்சு. குதிரைக்குக் கால் போனால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும். பத்தாவது முடிக்கிற வரைக்கும் அந்த நான்கு கால்களும் தாங்க வேண்டும் என்பதுதான் ஏழு வருஷமாக என்னுடைய ஒரே வேண்டுதல்.

தகுதி

தாளாளர் முன்பு செங்கல் சூளை வைத்திருந்தவர். சூளையில் கல் அடுக்குகிற மாதிரியே வகுப்பில் பிள்ளைகளை அடுக்கி வைத்திருந்தார். அவர் ஒரு பக்கம், தலைமை ஆசிரியை அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்து என்னிடம் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். நான் என் இடது முழங்கையைக் காட்டினேன். மூன்று தடவை உடைந்து கூடிய கை. ஒரு தடவை வெள்ளைக் குதிரை, இரண்டு தடவை கறுப்பு. அந்த அம்மா அதை ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவிட்டார்.

பிறகு டிகிரி என்ன என்றார். பத்தாவதில் இரண்டு தடவை உட்கார்ந்தேன் என்றேன். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் என்ன பதில் சொல்வது என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. தாளாளருக்கு அந்த மாதிரிக் கவலையே கிடையாது. எழுந்து ஜன்னல் வழியாக வெளியே கட்டியிருந்த என் குதிரையைப் பார்த்தார். வயது என்ன என்று கேட்டார். ஏழு என்றேன். திரும்பி உட்கார்ந்து தலைமை ஆசிரியையிடம் சொன்னார்: “ஏழு வயசுன்னா ரெண்டாங்கிளாஸ் வருது. அதுக்கும் ஒரு அட்மிஷன் நம்பர் போட்டுடுங்க மிஸ், ஸ்ட்ரென்த் கூடும்.”

கழுத்துப் பலகை

குதிரையின் பெயர் மைனா. பெட்டைக் குதிரை. அட்மிஷன் போட்ட அன்றைக்கே அவள் பெயர் ‘ஏஞ்சல்’ ஆகிவிட்டது. அந்த வளாகத்துக்குள் தமிழ் பேசக் கூடாது. பேசுகிற பிள்ளையின் கழுத்தில் ஒரு சின்னப் பலகையை மாட்டிவிடுவார்கள். அடுத்து யார் தமிழ் பேசி மாட்டுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும். முதல் நாள் எனக்கு அது மூன்று தடவை வந்தது. நான் என்ன செய்வேன், மைனாவுக்கு ‘நட’, ‘திரும்பு’, ‘நில்லுடி’ என்ற மூன்றைத் தவிர வேறு பாஷை தெரியாது.

ஆனால் குதிரைக்கு வார்த்தை மாற்றிப் பழக்குவது பெரிய வித்தை இல்லை. புதுச் சொல்லை முதலில் சொல்லி, பழைய சொல்லை அதன் வாலைப் பிடித்த மாதிரி சொல்ல வேண்டும். ‘ஸ்டாப், நில்லுடி’. பத்து நாளில் பழைய சொல் இல்லாமலே அது நிற்கும். மைனாவும் நின்றாள். பத்து நாளில் ஒரு குதிரை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறியதைத் தாளாளர் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்.

ஒரு நாள் ரோட்டில் ஏதோ லாரிக்கு டயர் வெடித்தது. மைனா மிரண்டு, முதுகில் ஒரு நாலாங்கிளாஸ் பையனோடு பாய்ந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடி ‘ஸ்டாப், ஸ்டாப்’ என்று கத்துகிறேன், அவள் காதில் ஏறவே இல்லை. பயம் வந்தால் குதிரைக்கும் மனுஷனுக்கும் இங்கிலீஷ் மறந்துவிடும். ஆபீஸ் ரூமிலிருந்து தலைமை ஆசிரியை அம்மா செருப்புகூடப் போடாமல் குறுக்கே ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்து, “ஏய் நில்லுடி, நில்லுடி தாயே” என்று அலறினார். மைனா ஆணி அடித்த மாதிரி நின்றாள். பையன் மெதுவாக இறங்கினான். அன்றைக்குப் பலகை அவன் கழுத்தில்தான் இருந்தது. அதைக் கழற்றி அந்த அம்மாவிடம் நீட்டி, பவ்யமாகச் சொன்னான்: “யுவர் டர்ன், மிஸ்.”

கண்ணுக்குக் கீழே

மைனாவுக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு சுழி உண்டு. அங்கே சுழி இருந்தால் வைத்திருப்பவர் வீட்டில் அழுகை ஓயாது என்பது குதிரைக்காரர்களின் நம்பிக்கை. அதனால்தான் பெண்ணாடத்துக்காரர் ஒருவர் அவளை என் தலையில் கட்டினார். என் வீட்டில் அழுகை அதற்கு முன்னாலேயே இருந்ததால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நான் சேர்ந்த முதல் வருஷம் பத்தாவதில் இரண்டு பேர் கணக்கில் போய்விட்டார்கள். ஆசிரியர் கூட்டத்தில் கணக்கு வாத்தியார் எழுந்து, காரணம் குதிரையின் சுழி என்றார். அவர் மாமனார் ரேக்ளா ஓட்டியவராம். “குதிரை கணக்குப் பாடம் எடுக்கலையே சார்” என்று நான் மெதுவாகச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. குதிரையை அனுப்பினால் கூடவே என் பிள்ளையும் அல்லவா போகும். நல்ல வேளை, தாளாளர் கூட்டிவந்த ஜோசியர் பரிகாரம் சொன்னார்: குதிரையை வடக்கு பார்த்துக் கட்ட வேண்டும், சுழியைப் பொட்டு வைத்து மறைக்க வேண்டும். அன்றிலிருந்து தினமும் காலையில் என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பசை போட்டு மைனாவின் கண்ணுக்குக் கீழே ஒட்டுவது என் வேலைகளில் ஒன்றாயிற்று. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அந்தப் பொட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. கணக்கு வராத பதினோரு பிள்ளைகளுக்கு ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டதும் அதற்கு ஒரு சின்னக் காரணம். ஆனால் கணக்கு வாத்தியார் லட்டோடு லாயத்துக்கே வந்து என் தோளைத் தட்டினார்: “பாத்தீங்களா மாஸ்டர், நான் அப்பவே சொன்னன்ல, கோளாறு குதிரையிலதான் இருந்துச்சு.”

ஒரு ரவுண்டு

முந்நூறு பிள்ளைகள், ஒரு குதிரை. ஒரு பிள்ளைக்கு முறை வர ஐந்து வாரம் ஆகும். வந்தால் கொடிக்கம்பத்திலிருந்து வேப்பமரம் வரைக்கும் அறுபது தப்படி, திரும்பி வந்தால் முடிந்தது. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். போட்டோ வீட்டுக்குப் போய் ஷோகேஸில் உட்காரும். குதிரையேற்றம் என்றால் அதுதான்.

குதிரைக்கு எதில் ஓய்வு கிடைக்கிறதோ அதைத்தான் அது கற்றுக்கொள்ளும். அந்த அறுபது தப்படியில் மைனாவுக்கு ஓய்வு கிடைத்தது கேமராவுக்கு முன்னால் மட்டும்தான். அதனால் எதிரே யாராவது கேமராவைத் தூக்கினால் தானாகவே நின்று, கழுத்தை நிமிர்த்தி, காதுகளை முன்னால் கொண்டுவந்து சிலை மாதிரி நிற்கக் கற்றுக்கொண்டாள். கேமரா இறங்கினால்தான் நடப்பாள். இதை நான் பழக்கவில்லை, சத்தியமாக.

ஒரு சனிக்கிழமை ஒரு தகப்பனார் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்தார். பையனுக்கு அன்றைக்குத்தான் முறை. புதிதாக வாங்கிய கேமரா போனைத் தூக்கிப் பிடித்து எட்டுப் படம் எடுத்தார். மேலேயிருந்த பையன் என்னிடம் கிசுகிசுத்தான், குதிரை ஓடுமா என்று. ஏழு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். எனக்கே உற்சாகம் வந்து, “ஒரு சின்ன ஓட்டம் வுடட்டுமா சார்?” என்று தகப்பனாரைக் கேட்டேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அதெல்லாம் வேணாம் மாஸ்டர், ஓடுனா படம் ஆடிப்பூடும்.”

ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது

எழுத்துப் பரீட்சை இல்லாத பாடம் பாடமே இல்லை என்பது தலைமை ஆசிரியை அம்மாவின் கொள்கை. நான் தமிழில் சொல்லச் சொல்ல இங்கிலீஷ் மிஸ் ஒருவர் நோட்ஸ் எழுதினார். குதிரையில் ஏறுவது எப்படி, ஐந்து பாயிண்ட். சேணத்தின் பாகங்கள், எட்டு. குதிரையின் பயன்கள், பத்து. பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். ஆறாங்கிளாஸில் முதல் ரேங்க் எடுக்கிற பெண் ஒருத்தி, தன் முறை வந்ததும் குதிரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஏறுவதற்கான ஐந்து பாயிண்டையும் கடகடவென்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அந்தப் பெண்ணின் விடைத்தாளில் நான் ஒரு மார்க் குறைத்தேன். குதிரைக்கு வலது பக்கம் நின்று ஏற வேண்டும் என்று எழுதியிருந்தாள். இடது பக்கம்தான் ஏற வேண்டும். மறுநாள் அவள் அம்மா விடைத்தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் பொறுமையாக விளக்கினேன்: இந்தக் குதிரை இடது பக்கம் ஏறியே பழகியது, வலது பக்கம் போனால் விலகிவிடும், பிள்ளை கீழே விழும், அடி படும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விடைத்தாளை என் முன்னால் தள்ளினார்: “குதிரை என்னா பண்ணும்னு கொஸ்டின்ல கேக்கவே இல்லியே மாஸ்டர். பாத்து அந்த ஒரு மார்க்கப் போட்டுக் குடுத்துடுங்க, பாப்பா ராத்திரிலருந்து சாப்புடல.”

விடுப்பு விண்ணப்பம்

ஒரு மழைக்காலத்தில் மைனாவின் முன்னங்காலில் குளம்புக்குள் சீழ் வைத்துவிட்டது. காலைத் தரையில் ஊன்றமாட்டேன் என்றாள். வீட்டுக்கு ஏற்றிவந்து, வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, வேப்பிலை அரைத்துக் கட்டினேன். அட்மிஷன் நம்பர் உள்ளவள் வராவிட்டால் லீவ் லெட்டர் வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ‘எனக்குக் கால்வலி இருப்பதால்’ என்று மைனாவின் சார்பில் இங்கிலீஷில் எழுதி, பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் தாளாளர் எங்கள் ஊருக்கே வந்து கட்டுப் போட்ட குளம்பைக் குனிந்து பார்த்தார். பக்கத்தில் என் மகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு காரில் ஏறிக்கொண்டே சொன்னார்: “ஒரு வாரத்துக்கு மேல போனா டி.சி. குடுக்கற மாதிரி ஆயிடும் கலியமூர்த்தி, பாத்துக்க.”

ஐந்தாம் நாள் மைனா காலை ஊன்றினாள்.

சார்

என் மகள் அரசி ஆறாவது போனபோது என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பேசக் கூடாது. ‘உங்கப்பாதான் குதிரை லத்தி அள்ளுறாரா’ என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எதிரே வந்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே ‘குட்மார்னிங் சார்’ சொல்லிவிட்டுப் போவாள். அவள் வகுப்புக்குக் குதிரை பீரியட் வந்தால், ஸ்டாஃப் கோட்டாப் பிள்ளைகளுக்கு ரைடிங் கிடையாது என்பதால், வராண்டாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரான் பிள்ளைகளை எல்லாம் இடுப்பைப் பிடித்துத் தூக்கி என் குதிரைமேல் உட்கார வைப்பேன். என் பிள்ளை தூரத்தில் உட்கார்ந்திருக்கும்.

வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். முதல் தடவை ‘சார்’ என்று கேட்ட அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவி செல்வியிடம் புலம்பினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னாள்: “அது பெரிய படிப்பு படிக்கணும்னுதான மாமா அங்க சேத்த? பெத்தவன அடையாளம் தெரியலன்னா படிப்பு நல்லா ஏறுதுன்னு அர்த்தம். உடு.”

பரம்பு

2010 ஜூலையில் தாளாளருக்கு ஓர் ஆசை வந்தது. சுதந்திர தினத்தன்று பிள்ளைகளின் அணிவகுப்புக்கு முன்னால் அவரே குதிரையில் கொடியோடு வர வேண்டும். நல்ல கனமான சரீரம். அதுவரை சைக்கிளில்கூட டபுள்ஸ் போகாதவர். முடியாது என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. அரசி அப்போது ஒன்பதாவது.

நான் முரட்டுக் குதிரையை முதன்முதலில் ஏறிப் பழக்குவது உழுது தண்ணீர் கட்டிய வயலில்தான். சேற்றில் குதிரைக்குத் துள்ள முடியாது, ஆள் விழுந்தாலும் அடி படாது. அந்த முறை புதிய ஆளுக்கும் பொருந்தும் என்று தாளாளரை எங்கள் வயலுக்கே கூட்டிவந்தேன். முதல் நாள் ஆறு தடவை விழுந்தார். மைனா ஒரு குறும்பும் செய்யவில்லை, பாவம். அவள் நிற்கும்போதே இவர் விழுந்தார். விழுந்த இடமெல்லாம் வழவழவென்று சமமாகிவிட்டது. பரம்படித்துச் சேற்றைச் சமன் செய்த பிறகு நடலாம் என்று வரப்பில் காத்திருந்த பெண்களில் ஒருத்தி, நாற்றுக் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “அண்ணே, அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு தடவ வுழச்சொல்லு அவர. பரம்படிக்கற வேல மிச்சம், நாங்க நட்டுட்டுப் பூடுவோம்.”

ஆகஸ்ட் பதினைந்து

அந்த நாளும் வந்தது. தாளாளர் வெள்ளை உடுப்பில், கையில் கொடியோடு, மைனாமேல் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். பின்னால் பேண்டு, அதன் பின்னால் ஒன்றாங்கிளாஸ் முதல் பத்தாங்கிளாஸ் வரை. மேடையில் சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். கேட்டிலிருந்து பத்தடி வந்ததும், வீடியோக்காரர் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார். இத்தனை நாள் சேற்றில் பழக்கினேனே, இதை யோசிக்கவில்லையே. மைனா நின்றாள். கழுத்தை நிமிர்த்தினாள். காதுகளை முன்னால் கொண்டுவந்தாள்.

பின்னால் வந்த பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். தாளாளர் உதடு அசையாமல் ‘கோ ஏஞ்சல், கோ’ என்கிறார். அவள் போகவில்லை. நான் வீடியோக்காரரிடம் கேமராவை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டுகிறேன். அவர் தலையை ஆட்டி மறுக்கிறார். தாளாளர் காலையிலேயே அவரிடம், என்மேலிருந்து ஒரு நிமிஷம் கேமராவை எடுத்தாலும் இனிமேல் இந்தப் பள்ளிப் பக்கம் வராதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கேமரா இறங்கினால்தான் குதிரை நடக்கும். குதிரை மேடைவரை நடந்தால்தான் கேமரா இறங்கும். பேண்டுக்காரப் பிள்ளைகள் ஒரே பாட்டை எட்டுத் தடவை வாசித்தார்கள். வெயில் ஏறியது. ஒன்பதாங்கிளாஸ் வரிசையில் என் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுடைய டி.சி.யை ஆபீஸில் எழுதிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

கடைசியில் பேட்டரி தீர்ந்து கேமரா இறங்கியது. மைனா உடனே நடந்தாள். நான் மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். விருந்தினர் மைக் முன்னால் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்: “நான் எத்தனையோ அணிவகுப்பு பார்த்திருக்கேன். மூவர்ணக் கொடிக்கு மரியாதை செஞ்சு ஒரு குதிரை இருபது நிமிஷம் அட்டென்ஷன்ல நின்னத இங்கதான் பார்த்தேன்.”

தானே

2011 கடைசியில் தானே புயல் கடலூரை உரித்துப் போட்டது. பலா, முந்திரி, வேம்பு, கரண்ட் கம்பம் எல்லாம் ஒரே காலையில் படுத்துவிட்டன. எங்கள் வீட்டுக் கூரை பக்கத்து வயலில் கிடந்தது. அரையாண்டு விடுமுறை என்பதால் மைனா எங்களோடுதான் இருந்தாள். புயலுக்கு முன்னால் அவளைக் கட்டாமல் வெட்டவெளியில் அவிழ்த்துவிட்டிருந்தேன், அதனால் பிழைத்தாள். கூரை போனதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. லீவு விடும்போதே ஒரு சுற்றறிக்கை கொடுத்திருந்தார்கள்: பத்தாம் வகுப்புக்கு ஜனவரி இரண்டாம் தேதி ரிவிஷன் டெஸ்ட், வராதவர்களின் ஹால் டிக்கெட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. மற்றப் பிள்ளைகளுக்கு என்றால் பெற்றவர்கள் போய்ச் சண்டை போடுவார்கள். இலவசத்தில் படிக்கிற பிள்ளைக்காக நான் எந்த வாயோடு சண்டை போடுவது.

போன் இல்லை, பஸ் இல்லை. ரோடு முழுக்க மரத்துக்கு மேல் மரம். இரண்டாம் தேதி விடிந்ததும் அரசி ஈரம் காயாத யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, நடந்தே போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். ஆறு கிலோமீட்டர். வரப்பு வழியாகத்தான் போக முடியும், பல இடங்களில் இடுப்புவரை தண்ணீர். நான் மைனாவுக்குச் சேணம் கட்டினேன். அரசி குதிரையைப் பார்த்துவிட்டு, “எனக்கு ஏறத் தெரியாதே” என்றாள். ஏழு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன். என் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தது அன்றைக்குத்தான்.

நான் முன்னால் தண்ணீரில் நடந்தேன். பாதி வழியில் ஒரு பனைமரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அவளை இறக்கிவிடலாம் என்று நான் திரும்புவதற்குள், அவள் கடிவாளத்தைத் தளர்த்தி, உடம்பை முன்னால் சாய்த்துக் கொடுத்தாள். மைனா அலுங்காமல் மரத்தைத் தாண்டினாள். நான் அதை அரசிக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வராண்டாவிலும், நான் வயலில் குதிரை பழக்கும்போது வரப்பிலும் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னால் நடப்பவனுக்கு ஒரு வசதி, அழுதாலும் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது.

பள்ளியில் மதில் சுவர் விழுந்து கிடந்தது. லாயத்தின் மேல் ஒரு ஷீட்டுகூட இல்லை. கேட் இருந்த இடத்தில் தாளாளர் தனியாகக் குடையோடு நின்றுகொண்டிருந்தார். பத்தாவது படிக்கிற முப்பது பேரில் வேறு ஒருவர்கூட வந்திருக்கவில்லை. அவர் குதிரையைப் பார்த்தார், மேலே இருந்த யூனிஃபார்மைப் பார்த்தார். “ஏன் கலியமூர்த்தி, இந்தப் பொண்ணு ஸ்டாஃப் கோட்டாவாச்சே. ரைடிங் லிஸ்ட்ல பேரு இல்லியே?” என்றார். ரோடு இல்லை, தண்ணீர் ஜாஸ்தி, இந்த ஒரு தடவை மன்னிக்கணும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். மேலேயிருந்து என் மகள் நிதானமாகச் சொன்னாள்: “சார், இது எங்க வீட்டுக் குதிரை. இவரு எங்கப்பா. டெஸ்டு எந்த ரூம்ல சார்?”

அவள் பத்தாவது முடித்தாள், நல்ல மார்க்கோடு. அந்த ஜூனில் பள்ளி நோட்டீசில் குதிரையேற்றம் போய் என்ட்ரன்ஸ் கோச்சிங் வந்தது, நானும் மைனாவும் வயலுக்குத் திரும்பினோம்.

ஏழு வருஷத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு நான் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்ததாக அந்தப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கிறது. நிஜமாகவே குதிரை ஏறி ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவள் ஒருத்திதான், அவள் பெயர் அதில் இல்லை.